அறுவையின் கதை – 17: ஐந்தாண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது?

ரப்பர் கையுறை தியேட்டருக்குள் வந்த கதையையும், கொக்கெய்னைத் தன் உடம்பிலேயே ஏற்றிச் சோதித்து அதற்கு அடிமையாகிப்போன வில்லியம் ஹால்ஸ்டெட்டின் கதையையும் சென்ற பகுதியில் பார்த்தோம். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அதே மனிதர் உண்டாக்கிய இன்னொன்றும் உண்டு: இளம் சர்ஜன்களைப் பழக்கும் முறை. அமெரிக்காவில் இன்று பொது அறுவை சிகிச்சைப் பயிற்சி ஐந்து ஆண்டு. ஏன் ஐந்து, நான்கோ ஆறோ ஏன் ஆகாது என்று கேட்டால், ஹால்ஸ்டெட் போட்டுவைத்த வழி அது என்று பதில் வரும். ‘இத்தனை ஆண்டு இருந்தான்’ என்பதை விட்டுவிட்டு ‘இன்னது செய்யத் தெரிந்தது’ என்பதை அளவுகோலாக்க வேண்டும் என்று நெடுநாளாக நடக்கும் வாதத்திலும், இரண்டு தரப்பாரும் அவரையே பழைய முறையின் தந்தை என்று வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஹால்ஸ்டெட் ஆண்டுக்கணக்கு வைத்தவர் அல்ல. அந்தக் கணக்கு அவருக்குப் பின்னால் வந்தது. ஓர் அநியாயத்தைத் தடுப்பதற்காக வந்தது. எதைத் தடுக்க வந்தது என்பதை மறந்துவிட்டு அதைக் கழற்றிப் போட்டால், பழைய அநியாயம் புதிய சட்டையோடு திரும்பி வரும்.

1880களின் அமெரிக்காவில் கட்டணம் வாங்கிக்கொண்டு விரிவுரை மட்டும் நடத்தும் மருத்துவக் கல்லூரிகள் ஏராளம். ஒரு வயிற்றைக்கூடத் திறந்து பார்க்காமல் பட்டம் வாங்கி, மறுநாளே கத்தியை எடுத்துவிடலாம். 1878 முதல் 1880 வரை ஐரோப்பாவில் சுற்றி, வியன்னாவில் சர்ஜன் பில்ரோத்தின் கூடத்தையும் ஜெர்மானியப் பேராசிரியர்களின் உதவியாளர் வரிசையையும் நேரில் பார்த்துவந்தவர் ஹால்ஸ்டெட். 1889இல் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது அந்த வரிசையை அங்கே நட்டார். உதவியாளர்கள் மருத்துவமனையிலேயே தங்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது சொல்லாமலே புரிந்த விதி. கீழ்ப்படியில் பலர் நுழைவார்கள். மேலே ஒருவர் மட்டும், ‘ஹவுஸ் சர்ஜன்’ என்ற பெயரோடு, வார்டையும் தியேட்டரையும் ஆள்வார். உதவியாளராக ஆறு, ஹவுஸ் சர்ஜனாக இரண்டு என்று ஏறக்குறைய எட்டு ஆண்டு ஆவதாக 1904இல் யேல் பல்கலைக்கழக உரையில் ஹால்ஸ்டெட்டே சொன்னார். அது நடந்ததன் சராசரி. இன்ன தேதியோடு பயிற்சி முடியும் என்று யாருக்கும் ஓலை எழுதித் தரப்படவில்லை. அவர் எப்போது ‘போதும்’ என்று நினைக்கிறாரோ அப்போது முடியும்.

33 ஆண்டுகளில் அப்படி மேல்படியைத் தொட்டவர்கள் 17 பேர். ஹார்வி குஷிங்கும் வால்டர் டாண்டியும் அவர்களில் இருவர். மூளை அறுவை சிகிச்சை என்ற துறையே அவர்கள் கையில் உருவானது. பதினேழு பேரில் பலர் வேறு ஊர்களுக்குப் போய் இதே வரிசையை அங்கும் நிறுவினார்கள். ஹால்ஸ்டெட் பெரிய போதகர் ஒன்றும் அல்ல. கோடை முழுவதும் வட கரோலினா மலையில் இருந்த தன் ஹை ஹாம்ப்டன் பண்ணைக்குப் போய்விடுவார். அப்போது தியேட்டர் முழுக்க ஹவுஸ் சர்ஜன் கையில். ஆசிரியர் ஊரில் இல்லாததே சிலருக்கு நல்ல பாடமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாடத்திட்டம் இல்லை, தேர்வு இல்லை, செய்த ஆபரேஷன்களைப் பதியும் நோட்டு இல்லை. ஆனாலும் உற்றுப் பார்த்தால், திறன் வந்தால்தான் வெளியே விடுவது என்ற இன்றைய கொள்கைக்கு இவ்வளவு நெருக்கமாக அதற்குப் பின் எந்த முறையும் இருந்ததில்லை. குறை ஒன்றுதான்: தீர்ப்பு சொல்பவர் ஒரே ஒருவர். அவர் கண்ணில் படாதவர்கள் நாலைந்து ஆண்டு கொக்கி பிடித்துவிட்டு, கையில் ஒன்றும் இல்லாமல் வெளியேறினார்கள். அவர்களின் பெயர்களை இந்தத் தொடரில் எழுத வழியில்லை. வரலாறு மேல்படிக்காரர்களைத்தான் குறித்துவைத்திருக்கிறது.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த எட்வர்ட் சர்ச்சில். பலரைச் சேர்த்து ஒருவரை மட்டும் மேலே ஏற்றும் கூம்பு அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெரிய மனிதரின் விருப்பு வெறுப்பில் இத்தனை பேரின் வாழ்க்கை தொங்கக் கூடாது; சேர்ந்த அத்தனை பேரும், தவறு செய்யாதவரை, கடைசிவரை பயின்று முடிக்க வேண்டும் என்றார். 1930களின் கடைசியில் அவர் வரைந்த திட்டத்துக்குச் செவ்வகம் என்றே பெயர் வந்தது: கீழே எத்தனை பேரோ மேலேயும் கிட்டத்தட்ட அத்தனை பேர். செவ்வகத்துக்கு உயரம் ஒன்று வேண்டுமல்லவா, அதுதான் ஆண்டுக்கணக்கு. 1937இல் அமெரிக்க அறுவை சிகிச்சை வாரியம் தோன்றியது. நாடு முழுவதும் செல்லும் சான்று தர வேண்டுமென்றால், யார் விண்ணப்பிக்கலாம் என்று அச்சடித்துக் காட்ட ஒரு விதி வேண்டும். எண்ண எளிதானது ஆண்டு. போர் முடிந்து ஆயிரக்கணக்கான ராணுவ மருத்துவர்கள் அரசு தந்த படிப்புப் பணத்தோடு பயிற்சி தேடி வந்தபோது, ஒரு பேராசிரியர் ஒவ்வொருவரையும் கண்ணால் எடைபோட்டு அனுப்பும் முறை தாங்கவே தாங்காது. சீஃபுக்குப் பிடித்தவன், பிடிக்காதவன் என்று காலண்டர் பார்ப்பதில்லை. அந்த அளவில் அது ஒரு நியாயம்.

ஆனால் பயிற்சி பெறுபவருக்குக் கொடுத்த உறுதிமொழி, கொஞ்சம் கொஞ்சமாக நோயாளிக்குக் கொடுக்கும் சான்றாக மாறிவிட்டது. ஐந்தாண்டு முடித்தவர் என்றாலே ஆபரேஷன் செய்யத் தெரிந்தவர் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அந்த நம்பிக்கையின் அடித்தளம் ஆடியது பித்தப்பையில். துளைபோட்டுக் கேமரா வழியாகப் பித்தப்பையை எடுக்கும் லேப்ராஸ்கோப்பி முறை 1980களின் இறுதியில் பிரான்ஸிலிருந்து அமெரிக்காவுக்கு வந்தது. இருபது ஆண்டு அனுபவசாலிகள்கூட வார இறுதி வகுப்புக்குப் போய், பன்றியின் மேல் பழகிவிட்டு, திங்கட்கிழமை நோயாளியின் மேல் செய்தார்கள். 1,518 ஆபரேஷன்களைத் தொகுத்துத் தென்மாநில சர்ஜன்களின் குழு ஒன்று 1991இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: ஒரு சர்ஜன் செய்த முதல் 13 பேரில் பித்தநாளம் காயப்பட்ட விகிதம் 2.2 சதவீதம், அதற்குப் பின் வந்தவர்களில் 0.1 சதவீதம். பித்தநாளம் அறுந்தால் நோயாளியின் மிச்ச வாழ்நாளே மாறிப்போகும். அந்த முதல் 13 பேரைத் தொட்ட கைகள் எல்லாம் ஆண்டுக்கணக்கை என்றோ முடித்த கைகள்.

இதற்கிடையே ஆண்டின் உள்ளேயும் ஓட்டை விழுந்தது. 1984 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயது மாணவி லிபி சையன் இறந்தார். ஓய்வில்லாத, மேற்பார்வை இல்லாத பயிற்சி மருத்துவர்கள் பற்றிய கேள்வியை அவருடைய தந்தை விடவில்லை. 1989இல் நியூயார்க் மாநிலத்திலும் 2003இல் நாடு முழுவதும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு வந்தது. ஐரோப்பாவில் 48 மணி நேரம். வரம்பு வேண்டாம் என்று வாதாட எனக்கு மனமில்லை. தூக்கமில்லாத கை நோயாளிக்கும் நல்லதல்ல, அந்தக் கைக்குரியவருக்கும் நல்லதல்ல. ஆனால் கணக்கு இடிக்கிறது. பிரிட்டனில் ஒருவர் கன்சல்டன்ட் ஆவதற்கு முன் கழித்த பயிற்சி நேரம் 30,000 மணியிலிருந்து 6,000 மணிக்கு இறங்கும் என்று 2004இல் மதிப்பிட்டார்கள். பெட்டியின் பெயர் அதே, உள்ளே சரக்கு ஐந்தில் ஒன்று. அமெரிக்காவில் 2005இல் பயிற்சி முடித்த 1,022 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சித் திட்ட இயக்குநர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்ன ஆபரேஷன்கள் 121. அவற்றில் 63இல், மிக அதிகம் பேர் எழுதியிருந்த எண்ணிக்கை பூஜ்யம்.

வேறு வழி இல்லாமல் இல்லை. இன்ன வேலைக்கு ஆள் வேண்டும், அந்த வேலைக்கு இன்னின்ன தெரிய வேண்டும், தெரிந்ததா என்று பார்த்து அனுப்பு என்ற யோசனையை உலக சுகாதார நிறுவனம் 1978இலேயே ஒரு சிறு நூலாகப் போட்டுவிட்டது. சர்ஜன்கள் காதில் அது விழ இருபது ஆண்டு ஆயிற்று. 1999இல் அமெரிக்கப் பயிற்சி அங்கீகாரக் குழு ஆறு திறன்களைப் பட்டியலிட்டது. படிவங்கள் பெருகின, தியேட்டரில் பெரிதாக எதுவும் மாறவில்லை. நிஜமான நகர்வு டொராண்டோவில் நடந்தது. அங்கே ரிச்சர்ட் ரெஸ்னிக்கும் கூட்டாளிகளும் 1990களில் ஒரு செய்முறைத் தேர்வை வகுத்தார்கள். மேசைமேல் குடல் துண்டு. பயிற்சியாளர் தைக்க வேண்டும். அவரோடு வேலை செய்யாத ஒரு சர்ஜன் பக்கத்தில் நின்று மதிப்பெண் போடுவார். திசுவை மரியாதையாகத் தொடுகிறாரா, கை வீணாக அலைகிறதா, கருவியைப் பிடிக்கத் தெரிகிறதா, அடுத்த படி என்ன என்று நிற்காமல் போகிறாரா, உதவியாளரை வேலை வாங்கத் தெரிகிறதா என்று தனித்தனியாக ஐந்துக்கு இத்தனை. நல்ல சர்ஜனுக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்ததை இன்னொருவர் சரிபார்க்கக்கூடிய எண்ணாக ஆக்கியது அது.

2002இல் யேலில் நடந்த சோதனை சிறியது, பதினாறே பேர். பாதிப் பேர் வழக்கமான பயிற்சி. பாதிப் பேர் கணினித் திரையில் லேப்ராஸ்கோப்பிக் கைப்பயிற்சி, ஆனால் இத்தனை மணி நேரம் என்று இல்லாமல், தேர்ந்த சர்ஜன்கள் அதே கணினியில் எட்டிய அளவைத் தொடும்வரை. பிறகு எல்லோரும் நிஜ நோயாளியிடம் பித்தப்பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தார்கள். இலக்கு வைத்துப் பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். வழக்கமாகப் பழகியவர்கள் பித்தப்பையைக் கிழிக்கவோ பக்கத்துத் திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு. பதினாறு பேரை வைத்து உலகத்தை மாற்றிவிட முடியாதுதான். ஆனால் கேள்வியின் வடிவம் அங்கே மாறியது. எவ்வளவு நேரம் என்பது விடையாகிவிட்டது. எந்த மட்டம் என்பது கேள்வியாக நின்றது. 2009இல் டொராண்டோ பல்கலைக்கழக எலும்பு அறுவைத் துறை மூன்று பேரை மட்டும் சேர்த்து, முழுப் பயிற்சியையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது என்று ஓடவிட்டுப் பார்த்தது. 2013இல் துறை முழுவதும் அதற்கு மாறியது. ஐந்தாண்டுப் பயிற்சியைச் சிலர் நான்கில் முடித்தார்கள். மற்றவர்களுக்கு ஐந்தும் தேவைப்பட்டது. அந்த இரண்டாம் பாதியை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்: ஒரே துறையில், ஒரே ஆசிரியர்களிடம், ஒரே வேலையைக் கற்க ஆளுக்கு ஆள் ஓராண்டு வித்தியாசப்படுகிறது.

இதில் நெதர்லாந்தின் ஓலே டென் காட்டே 2005இல் கொண்டுவந்த யோசனை வந்து பொருந்தியது. திறனை நூறு துண்டாக வெட்டி எண்ணாதீர்கள். ஒரு முழு வேலையை இவரிடம் நம்பி ஒப்படைப்பீர்களா என்று கேளுங்கள் என்றார். அமெரிக்கப் பொது அறுவை சிகிச்சையில் இன்று இருக்கும் அத்தகைய வேலைகளில் பித்தப்பையும் ஒன்று. மூன்றாமாண்டுப் பயிற்சி மருத்துவர் திரையைப் பார்த்துக்கொண்டு, கல்லீரலுக்கும் பித்தப்பைக் கழுத்துக்கும் இடையிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பை இழை இழையாக விலக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுக்கையிலிருந்து பிரிய வேண்டும். அதற்குள் நுழைவன இரண்டே இரண்டு, ஒரு குழாய், ஒரு தமனி என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதுவரை கிளிப் கேட்கக் கூடாது. கிளிப்பை எப்போது கேட்கிறார் என்பதைத்தான் எதிரே நிற்கும் சீனியர் கவனிக்கிறார். கையுறையைக் கழற்றியதும் செல்போனில் மூன்று கேள்விக்குப் பதில்: எவ்வளவு தூரம் தனியாக விட்டேன், எப்படிச் செய்தார், கேஸ் எவ்வளவு கடினம். ஒரு நிமிடம்கூட ஆகாது. 14 பயிற்சித் திட்டங்களில் இப்படிச் சேர்ந்த 10,130 மதிப்பீடுகளை 2017இல் வெளியிட்டார்கள். அடிப்படை ஆபரேஷன்களில் ‘தனியாகச் செய்யத் தயார்’ என்ற மதிப்பீடு முதலாண்டில் 12.3 சதவீதம், கடைசி ஆண்டில் 77.1 சதவீதம். ஆண்டுகள் வீண்போகவில்லை என்பதற்கும் இதுவே சாட்சி, ஆண்டு மட்டும் போதாது என்பதற்கும் இதுவே சாட்சி.

இனி மறுப்புகள். மூத்த சர்ஜன்கள் முதலில் சொல்வது: எங்கள் தொழில் கை மட்டும் அல்ல, கத்தியை எப்போது எடுக்கக் கூடாது என்பதை எந்தப் படிவத்தில் டிக் அடிப்பீர்கள்? நியாயமான கேள்வி. ஆனால் அதை ஆண்டு அளந்தது என்று யார் சொன்னது? 2013இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக மிச்சிகனில் 20 சர்ஜன்கள் தாங்கள் செய்த எடைக்குறைப்பு ஆபரேஷனின் வீடியோவை ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். யார் வீடியோ என்று தெரியாமல் சக சர்ஜன்கள் மதிப்பெண் போட்டார்கள். கடைசிக் கால்வாசியில் வந்தவர்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் 14.5 சதவீதம், முதல் கால்வாசியினருக்கு 5.2. தொழிலில் இருந்த ஆண்டுகளுக்கும் இந்தத் தரவரிசைக்கும் தொடர்பு தென்படவில்லை. தேர்ந்த கண்கள் பல சேர்ந்தால் கைத்திறனை நம்பத்தக்கவாறு அளக்கின்றன என்பது இதில் தெரிகிறது. எப்போது செய்யக் கூடாது என்ற விவேகத்தை இந்த ஆய்வு அளக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். அது நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து, இரவு மூன்று மணிக்குத் தையல் விட்டுப்போன குடலைப் பார்த்து வருவது. அதனால்தான் ஒரு குறைந்தபட்சக் காலம் இருக்கட்டும் என்கிறேன். அந்தக் காலம் சான்றிதழின் ஒரு வரியாக இருக்கலாம்; சான்றிதழாகவே இருக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு படிவச் சுமை. கனடாவின் ராயல் கல்லூரி 2017இல் மயக்க மருந்தியலையும் காது மூக்கு தொண்டை அறுவையையும் முதலில் இந்த முறைக்குள் கொண்டுவந்தது; பயிற்சி மருத்துவர்கள் சீனியர்களின் பின்னால் மதிப்பீடு கேட்டு அலைவதே வேலையாகிவிட்டது என்று குமுறினார்கள். இதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. மதிப்பீடு ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அது பொய்யாகத்தான் நிரப்பப்படும்.

மூன்றாவதுதான் கனமானது, நம்மை ஹால்ஸ்டெட்டிடமே கொண்டுபோய் விடுவது. ஒப்படைப்பது என்பது ஒருவர் இன்னொருவரை நம்புவது. நம்பிக்கை எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழாது. அமெரிக்கத் தியேட்டர்களில் பெண் பயிற்சியாளர்களுக்குத் தனியாகச் செய்யும் வாய்ப்பு குறைவாகக் கிடைக்கிறது என்று ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. வாய்ப்பு கிடைத்தால்தான் மதிப்பீடு, மதிப்பீடு இருந்தால்தான் அடுத்த வாய்ப்பு என்றால், முதல் மாதத்தில் ஒதுக்கப்பட்டவர் கடைசிவரை ஒதுங்கியே நிற்பார். சர்ச்சில் எந்தக் கூம்பை உடைத்தாரோ அது நூறு செல்போன்களுக்குள் மறுபடி முளைக்கும். இதற்குப் பதில் ஆண்டுக்கணக்குக்குத் திரும்புவது அல்ல, தீர்ப்பைப் பிரிப்பது. ஒரு சீஃபின் ஒரு தீர்ப்பு வேண்டாம். பலர், பல நாட்களில், பல நோயாளிகளிடம் பார்த்த சிறு சிறு குறிப்புகள் ஒரு குழுவின் முன் வரட்டும். யாருக்கு வாய்ப்பே குறைவாகக் கிடைத்தது என்பதையும் அதே குறிப்புகள் காட்டிக்கொடுக்கும். ஹால்ஸ்டெட்டிடம் எண்கள் இல்லை, அதனால் அவரை யாரும் கேள்வி கேட்க முடியவில்லை. கூடவே சர்ச்சிலின் உறுதிமொழியும் அப்படியே நிற்க வேண்டும்: சேர்த்துக்கொண்டவரைத் திறன் வரும்வரை, ஒரு நியாயமான வரம்புவரை, பழக்குவது நிறுவனத்தின் கடன்.

நான்காவது மறுப்பை யாரும் மேடையில் சொல்வதில்லை, ஆனால் எல்லாவற்றையும் அதுதான் பிடித்து நிறுத்துகிறது. பயிற்சி மருத்துவர் மாணவர் மட்டும் அல்ல, வேலையாள். அமெரிக்காவில் அவர்களுக்கான பணத்தில் பெரும்பங்கு மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு தருவது, அதுவும் இத்தனை தலை, இத்தனை ஆண்டு என்ற கணக்கில். ஒருவர் பிப்ரவரியில் திறன் எய்திப் போய்விட்டால் அவருடைய இரவு டியூட்டியை யார் பார்ப்பது? நம் நாட்டில் எம்.எஸ். முதுகலைப் பாடத்திட்டத்தின் தலைப்பில் சில ஆண்டுகளாகத் திறன் என்ற சொல் ஏறியிருக்கிறது. படிப்பு அதே மூன்றாண்டு. அனுமதித்த விடுப்பைத் தாண்டினால் பயிற்சி நீளும். பித்தப்பையில் கை வராதவருக்கு நீள்வதற்கு அப்படி ஒரு தெளிவான விதி இல்லை. தேர்வு உண்டு, ஆனால் தேர்வாளர் முன் யாரும் உயிருள்ள நோயாளியின் பித்தப்பையை எடுத்துக் காட்டுவதில்லை. அரசு மருத்துவமனை வார்டுகள் பி.ஜி.க்களின் தோளில் ஓடும்வரை, முன்னதாக விடுவிப்பது பற்றி எந்த டீனும் வாய் திறக்க மாட்டார்.

பிரிட்டன் 2021இல் அறுவைப் பாடத்திட்டத்தை மாற்றியபோது ஆண்டுகளைத் தோராயக் குறிப்பு என்ற நிலைக்கு இறக்கிவைத்தது. அமெரிக்க வாரியம் 2023 ஜூலையில் சேர்ந்தவர்களிடமிருந்து 18 வேலைகளில் ஒப்படைப்பு மதிப்பீட்டைக் கேட்கத் தொடங்கியிருக்கிறது, ஐந்தாண்டைத் தொடவில்லை. முன்னதாக அனுப்புவது பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், எனக்கு ஆர்வம் மறுமுனையில். அந்தப் பிள்ளைகள் 2028 ஜூனில் ஐந்தாண்டை முடிப்பார்கள். அப்போது எத்தனை பேரைக் கூப்பிட்டு, படிப்புப் பணம் தீர்ந்துவிட்டதையும் மீறி, ‘இன்னும் ஆறு மாதம் இரு, குடல் தையல் உனக்கு வரவில்லை’ என்று ஒரு குழு சொல்லப் போகிறது என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஆண்டுக்கணக்கு போய்விட்டதா என்று எழுத முடியும்.

(தொடரும்)